எட்டாவது வெடி

அடுக்களை வாசலில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணிக்கு இன்னும் பத்து நிமிடம்.

பாழாய்ப்போன பஸ் இன்றைக்குத்தானா தாமதமாக வரவேண்டும்!

மாப்பிள்ளை வீட்டார் இப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவனும் அவன் அம்மாவும்.

இது ஈயச் சுரங்கக் காலனி. இங்கே நான்கு மணி என்றால் வெடி நேரம். பூமிக்கு அடியில் மருந்து வெடிக்கும், மேலே வீடு குலுங்கும். யார் எங்கே இருந்தாலும் எதிரிலிருக்கும் தம்ளரையோ தட்டையோ இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

சுரங்கத்தை மூடிப் பல வருடமாகிறது.

கைகளுக்கு அது இன்னும் தெரியவில்லை.

போன தடவை பெண் பார்க்க வந்தவர்கள், வீடு மொத்தமும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு உறைந்துபோனதைப் பார்த்தார்கள். "குடும்பத்துக்கே ஏதோ கோளாறு" என்று தெருவில் பேசிக்கொண்டே போனார்கள்.

அவர்கள் போனால் போகட்டும்.

இவன் போகக் கூடாது. போட்டோவில் சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தான். அந்த முகம் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.

அதனால் காலையிலேயே சட்டம் போட்டாள். நான்கு மணிக்கு யாரும் எதையும் பிடிக்கக் கூடாது. சுரங்கத்தைப் பற்றி அப்பா வாயே திறக்கக் கூடாது.

"நான் ஏம்மா பேசப்போறேன்" என்றார் அப்பா மாசிலாமணி. சுரங்கத்தில் வெடி வைத்தவர்.

கல்லை ஒளித்து வைக்க மறந்துவிட்டாள்.

பேப்பர் பறக்காமலிருக்க மேஜைமேல் வைத்திருந்த கறுப்புக் கல். தேங்காய் மூடி அளவுதான் இருக்கும். அவன் சும்மா எடுத்துப் பார்த்தான். கை சட்டென்று தாழ்ந்தது.

"யப்பா! என்ன சார் இது, இந்தக் கனம் கனக்குது?"

போச்சு.

"ஈயக்கல்லு தம்பி. திருப்பிப் பாருங்க, எப்படி மினுக்குது! எத்தினி தடவ ஒடச்சாலும் சதுரம் சதுரமாத்தான் ஒடையும்."

அம்மா இருமினாள். அப்பாவுக்குக் கேட்கவில்லை.

"இந்த வீட்டுக்கு நேர் கீழதான் ஓடுது. வெள்ளைக்கல்லு நடுவுல கறுப்புப் பட்டையா, கெழக்கால சாஞ்சு. அந்தப் பட்டையப் புடிச்சிக்கிட்டேதான் நாங்களும் எறங்கினோம். போகப் போக மெலிஞ்சுது. கடைசில வெரல் அகலம்கூட இல்ல. மூடிட்டாங்க."

"உள்ள தண்ணி ஊறாதா சார்?"

அவன் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கேட்காமல் இருப்பானா?

"ஊறாம! ராவும் பகலும் பம்பு ஓடும். நிறுத்தினதும் மூணாவது லெவல் வரைக்கும் தண்ணி ஏறிப்போச்சு."

அம்மா இன்னொரு முறை இருமினாள். இந்த இருமலுக்கு வைத்தியரே வந்திருப்பார்.

"பாறையில எட்டு குழி போட்டு மருந்து வெப்பேன். ஒண்ணு ஒண்ணா வெடிக்கும். எட்டும் எண்ணிக் கேட்டாத்தான் ஆள் அசையலாம். ஏழோட நின்னா நின்ன எடத்துலயே நிக்கணும். நாலு மணியானா பாருங்க, மேல தம்ளரெல்லாம்..."

"என்னங்க!"

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உள்ளே அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இதற்குமேல் தாமதிக்க முடியாது. மூன்று தம்ளர் காபியைத் தட்டில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

கடிகாரம் அடிக்கத் தொடங்கியது.

அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டார். அம்மா கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், பாவம்.

கூடத்தின் நடுவில் அவள்தான் நின்றுவிட்டாள்.

முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. காபித் தட்டை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவளுடைய கைதான். அவளைக் கேட்கவே இல்லை.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னாச்சும்மா?" என்றார் அவன் அம்மா.

அவளுக்கு முகம் எரிந்தது. இவனும் போய்விடுவான். ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், சமாளித்துவிடலாம். கால் நகரவில்லை.

அவன் எழுந்தான்.

வாசல் பக்கம் போகவில்லை. நேரே வந்து தட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

காபி நுரைகூட அசையவில்லை. அவன் உதடு மட்டும் அசைந்தது. ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான். சிரிக்காமல் இருக்கப் பார்த்தான். போட்டோவில் போலவே தோற்றான்.

பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏழு வரைக்கும் எண்ணிட்டேன். எட்டாவது கேட்டுச்சா, மாமா?"

அப்பா தொடைக்கு அடியிலிருந்து மெல்லக் கைகளை எடுத்தார்.

"கேட்டுச்சு மாப்ள" என்றார். "நல்லாவே கேட்டுச்சு."