நிற்காத மூன்றாவது பெல்ட்

எண்ணூரில் தாதுக் கல்லை உடைத்துப் பிரிக்கும் பழைய ஆலையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அதன் வரைபடத்தை மனிதர் யாரும் போடவில்லை. கம்ப்யூட்டரே ஆயிரம் வரைபடங்கள் போட்டு, தேறாதவற்றைக் கழித்து, தேறியவற்றை ஜோடி சேர்த்து, அடுத்த தலைமுறையைப் பெற்றுக்கொண்டிருந்தது. இன்ஜினீயர் ஜானட் இரண்டு நாளாக அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொரு தலைமுறையிலும், பழைய ஆலையில் கல்லைச் சுமந்து ஓடும் பெல்ட்டுகளில் மூன்றாவதைப் போன்றதே ஜெயித்தது. அதை ஓட்டும் டில்லிபாபுவை வரச் சொன்னாள்.

"உட்காருங்கண்ணே. மத்த பெல்ட்டெல்லாம் வருஷத்துக்கு நாப்பது தடவ நிக்குது. உங்க பெல்ட் ஒரு தடவகூட நிக்கல. ரிப்போர்ட்ல உங்க பேரைப் போடப்போறேன்."

அவர் உட்காரவில்லை. "பேரெல்லாம் வோணாம்மா."

"ஏண்ணே? கம்ப்யூட்டரே உங்களத்தான் காப்பியடிக்குது. ஆபத்துக்கு இழுத்து நிறுத்துற கயித்த நீங்க இழுத்ததே இல்லல்ல, அதனால அது தேவையே இல்லன்னு வரைபடத்துலேர்ந்தே தூக்கிடுச்சு."

டில்லிபாபு திரையையே பார்த்தார்.

"அத்த இழுக்க முடியாதும்மா. பெல்ட் நின்னா மேனேஜர் கத்துவாருன்னு, நாங்களே கம்பில சுத்திக் கட்டி வெச்சிருந்தோம்."

ஜானட்டின் சிரிப்பு மறைந்தது.

"என் தம்பி பிரகாஷ் கை உள்ள மாட்டிகினப்பவும் அது நிக்கல."

திரையில் அடுத்த தலைமுறை பிறந்தது. ஒன்றிலும் கயிறு இல்லை.

இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்ததை ஜானட் நிறுத்தினாள்.