வெட்டிவேர் கார்

"ஒழுகுதுய்யா, ஒழுகுது! என் மண்டையிலயே சொட்டுது!"

காரின் பின்சீட்டிலிருந்து விருத்தாசலம் கத்தினார். அவருடைய மாப்பிள்ளை உட்காரப்போகும் இடம் அது. பட்டு வேட்டி நனைந்து மாப்பிள்ளை இறங்கினால் கல்யாணம் என்னத்துக்கு ஆகும்?

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்ட நாளிலிருந்து விழுப்புரத்தில் வாடகைக் கார் கிடைப்பதே குதிரைக்கொம்பு. திண்டிவனத்துச் சம்பந்தியம்மாளோ, "கரி போட்டு ஓட்டுற பஸ்ஸுல வந்தா எங்க புள்ள மூஞ்சி கறுத்துடும். கார் வந்தாதான் வாசப்படி எறங்குவான். வேர்க்கவும் கூடாது" என்று சொல்லியனுப்பிவிட்டாள். மாப்பிள்ளை அழைப்பு இன்று மாலை ஆறு மணிக்கு, விழுப்புரத்தில்.

பாண்டுரங்கன் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்பதாகக் கேள்விப்பட்டு, பொழுது விடிந்ததும் ஓடிவந்திருந்தார் விருத்தாசலம், பாவம். காரென்றால் சாதாரணக் காரா? கூரைமேல் தண்ணீர் டின், ஜன்னலெல்லாம் வெட்டிவேர்த் தட்டி. டின் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தட்டி நனைந்தால் உள்ளே ஊட்டிதான். என்ன, தட்டியில் சொட்ட வேண்டியது தலையிலும் சொட்டியது.

"பதறாதீங்க. இதோ அடைச்சிடுறேன்." பாண்டுரங்கன் கூரைமேல் ஏறி ஓட்டையில் சோப்பைத் தேய்த்தான்.

விருத்தாசலம் மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை தலையில் நுரையோடு இறங்கினார்.

"அழைச்சிக்கினு வான்னா, மாப்பிள்ளைய குளிப்பாட்டிக்கினு வருவ போலக்கீதே!"

சத்தம் கேட்டு பாண்டுரங்கன் மனைவி வெள்ளையம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "சோப்பு எங்கனா நிக்குமா? நவுரு அப்பால."

சுண்ணாம்பையும் வெல்லத்தையும் பிசைந்து ஓட்டையில் அப்பினாள். கொஞ்ச நேரம் காயவிட்டார்கள். விருத்தாசலம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பயந்து பயந்து மூன்றாம் முறை உட்கார்ந்தார்.

ஒரு சொட்டு இல்லை! வெட்டிவேர் வாசத்தில் அவருக்குக் கண்ணே சொருகியது.

"நீ நல்லா இருக்கணும் தாயி. என் பொண்ணு கல்யாணத்தையே காப்பாத்திட்ட!" கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

அப்புறம் வேறொரு பயம் வந்தது. "பாண்டுரங்கா, வழியில இன்ஜின் சூடாகி நின்னு பேஜாரு பண்ணாதுல்ல?"

"சூடா? நம்ம கார்ல அந்தப் பேச்சே இல்லீங்க."

"சத்தம்?"

"மூச்சு சத்தந்தாங்க. கூட்டேரிப்பட்டுல ஒரு வாட்டி தண்ணி காட்டிட்டாப் போதும்."

"தாராளமா டின்ன ரொப்பிக்க. மணி எட்டாவுது. ஜல்தியா கிளம்பினா ஒம்பதரைக்குத் திண்டிவனம். சம்பந்தியம்மா அசந்துடப்போறா!"

"அசந்துதான் போவாங்க. தோ, ஒரே நிமிஷம்" என்று பாண்டுரங்கன் கொல்லைப்புறம் போனான்.

விருத்தாசலம் சீட்டில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்த பாண்டுரங்கன் கையில் இரண்டு மாடுகளைப் பிடித்திருந்தான்.

"பெட்ரோல் கெடைக்கலேன்னு இன்ஜின அப்பவே வித்துட்டேங்க. நம்ம மாடு கெட்டி, இப்பப் பூட்டினா விளக்கு வைக்கிற நேரத்துக்கு உங்களத் திண்டிவனத்துல எறக்கிடும்!"