இருபத்தாறு போத்தல்

"ஒரு சொட்டு ரத்தமும் தரமாட்டம். ஊசியைப் பெட்டிக்குள்ளை வையுங்கோ பிள்ளை."

பொதுநோக்கு மண்டபத்தின் நடுவில் நின்று சொன்னவர் ராசு, விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் செயலாளர். அவருக்குப் பின்னால் பிளாஸ்ரிக் கதிரைகளில் ஊர் இருந்தது. முன்னால், மேசைக்கு அந்தப் பக்கம், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் சுரேகா தனியாக இருந்தாள்.

சிறுநீரக வருத்தத்தை ஆராய அந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்த ஆறாவது குழு அவளுடையது. முதல் ஐந்து குழுவும் கிணற்றுத் தண்ணீர், அரிசி, தலைமயிர், கால்நகம் என்று அள்ளிக்கொண்டு போனதோடு சரி. முடிவு என்னவென்று ஒருவரும் வந்து சொன்னதில்லை.

இந்தக் குழு சிறுநீரைச் சோதித்து முடிவைச் சொன்னது. அதுதான் பிரச்சினை.

"உங்களோடை சேர்த்து இருபத்தாறு பேரின்ரை சலம் சோதிச்சனாங்கள் அண்ணை. இருபத்தாறிலையும் வருத்தம் முத்தியிருக்கு. ரத்தம் பார்த்தால்தான் வைத்தியம் தொடங்கலாம். இனியும் பிந்தினால் மெசினிலை ரத்தம் சுத்திகரிக்கிற நிலைமைக்குப் போயிடும்."

"கதிர்காமநாதன் அண்ணைக்கு எழுபத்திரண்டு வயசு. பிரேமிளாவின்ரை பிள்ளைக்கு ஆறு. ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம், ஒரே அளவு. அப்பிடித்தானே?"

"ஓம். புள்ளிக்குப் பிறகு வாற இலக்கம்தான் கொஞ்சம் மாறுது."

"கேட்டியளோ சனங்களே."

"எனக்கு ஆறு வயசுப் பிள்ளையின்ரை சிறுநீரகம் எண்டால் நல்லதுதானே தம்பி. நீ ஏன் குழப்பிறாய்?" என்றார் கதிர்காமநாதன். ஓரிருவர் சிரித்தார்கள். பிரேமிளா சிரிக்கவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சுரேகா கோப்பைத் திறந்தாள். "எங்களுக்கும் நம்பக் கஷ்டமாத்தான் இருந்தது. சாயம் போட்டு நுணுக்குக்காட்டியிலை நானே பார்த்தனான். சிறுநீரகத்திலை இருந்து கழண்ட உயிர்க்கலங்கள் எல்லாப் போத்தலிலையும் இருந்தது. பிறகு புது மெசினிலை விட்டனாங்கள். அது கலங்களை ஒவ்வொண்டா ஒளிக்கு முன்னாலை ஓடவிட்டு எண்ணும். மூண்டு தரம் எண்ணினது."

"கலத்தை எண்ணுற மெசினுக்குக் கிழவனையும் குழந்தையையும் பிரிக்கத் தெரியாதோ?" என்றார் ராசு.

இரஞ்சிதம் எழுந்தாள். "உங்கள் எல்லாருக்கும் பகிடி. என்ரை மகள் சுதாஜினிக்குத் தையிலை கலியாணம். பட்டியலிலை அவளின்ரை பேர் எட்டாவது."

உர மானியம் கிடைத்தவர்களின் பெயரை ஒட்டுகிற பலகையில்தான் அமைப்பு இந்தப் பட்டியலையும் ஒட்டியிருந்தது. ஊரில் எந்தப் பட்டியல் வந்தாலும் அங்கேதான் ஒட்டுவது வழக்கம்.

"மாப்பிள்ளை வீட்டார் முள்ளியவளையிலை இருந்து வந்தவை. பலகையை வாசிச்சவை. வீட்டை வந்து தேத்தண்ணியும் குடிக்காமல் போட்டினம். பிள்ளை காணக்கூடாதெண்டு நான் கிணத்தடியிலை நிண்டு அழுறன்."

"அதுக்குத்தான் அக்கா வைத்தியம்..." என்று தொடங்கிய சுரேகா, சொல்லியிருக்கக் கூடாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். "இது பெரிய கண்டுபிடிப்பு. ஒரு ஊரே ஒரே கட்டத்திலை இருக்கிறது இதுதான் முதல் தரமாம். எங்கடை பேராசிரியர் வெளிநாட்டு மாநாட்டிலை வாசிக்கப் போறார்."

மண்டபம் கொதித்தது.

"எங்கடை சலத்துக்கு மாநாடு," என்றார் ராசு. "எங்கடை பிள்ளையளுக்குக் கலியாணமில்லை. ஆலைக்காரன் நெல்லு வேண்டாமாம். பள்ளிக்கூடத்திலை எங்கடை பிள்ளையளின்ரை தண்ணிப் போத்தலைத் தொடாதேங்கோ எண்டு சொல்லுகினம். அவர் பிளேன் ஏறப் போறார்."

"கோவிக்காதேங்கோ அண்ணை. ஆய்வுகூடத்திலை பிழையில்லை. போத்தல் பெட்டியை நீங்கள்தான் ஊரிலை சேர்த்து எங்கடை கையிலை தந்தனீங்கள். ஒரு போத்தலும் மாறேல்லை. மெசின் பொய் சொல்லாது."

"பொய் சொல்லாதோ?"

ராசு மேசைக்குக் கிட்டப் போனார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அவர் முகத்தில் ஏறியது.

"அப்ப உங்கடை மெசினின்ரை வண்டவாளத்தை நான் சொல்லுறன். சனமும் கேட்கட்டும். என்னைப் பேசினாலும் பரவாயில்லை. அண்டைக்கு விடிய இவையள் தந்த போத்தல் அவ்வளவும், வாய்க்கால் கரையிலை சைக்கிளோடை விழுந்து கொட்டுப்பட்டுப் போச்சு. மூடி ஒண்டும் இறுக்கமில்லை. வயலிலை அருவி வெட்டு நேரம். திரும்பப் போய்க் கேட்டால் நெல்லை விட்டிட்டு என்னை வெட்டுவினம். நீங்களோ பத்து மணிக்குள்ளை வேணுமெண்டு நிண்டனீங்கள்."

சுரேகாவின் பேனை கோப்பின் மேல் நின்றுவிட்டது.

"விரலளவு போத்தல்தானே. வாய்க்கால் கரையிலை இருந்து தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு, இருபத்தாறையும் நிரப்பினது நான் ஒருத்தன். விளங்குதோ? பேர் இவையளின்ரை, சலம் என்ரை. அது தெரியாமல் இருபத்தாறு பேருக்கும் வருத்தமெண்டு எழுதின மெசினை நம்பி நாங்கள் ரத்தம் தாறதோ?"

சொல்லிவிட்டு, கைதட்டலை எதிர்பார்த்து ஊரைத் திரும்பிப் பார்த்தார்.

ஒருவரும் தட்டவில்லை. இரஞ்சிதம் நெஞ்சில் கைவைத்தபடி கதிரையில் இருந்தாள். பிரேமிளா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். கதிர்காமநாதன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

சுரேகா எழுந்து வந்து, ராசுவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை வைத்தாள். "இருங்கோ அண்ணை," என்றாள் மெதுவாக.

அவர் சொல்லி முடித்த அந்த நிமிடத்திலேயே, இருபத்தைந்து பேருக்கு வருத்தம் முழுதாகச் சுகமாகியிருந்தது.