கண்ணாடி போடாதவள்

சுகுபா ஆய்வுக்கூடத்தின் கதவுக்கு மேல், லேசர் ஓடுவதைச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது. பேராசிரியர் குவபாரா செருப்பை மாற்றி, பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஆய்வாளர் ஷியோரி வெறுங்கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

“கண்ணாடி எங்க ஷியோரி? கண்ணு போயிடணுமா?”

“தேவையில்ல சென்செய்,” என்றாள் தன் ஆசிரியரிடம். “திரையைப் பாருங்க.”

மேசை மேல் இருந்த, இயல்பாக மின்சாரமே கடத்தாத படிகத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டிருப்பதைத் திரை காட்டியது.

“லேசர் பட்டா அணுக்களோட வரிசை மாறும், மின்சாரம் ஓடும். இது என்ன அதிசயம்? லேசரை நிறுத்தினா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள பழையபடி ஆயிடும். பத்து வருஷமா நான் பாக்காததா?”

“இது பழையபடி ஆகாது.”

“பிடிவாதம்! நாளைக்கு இந்த மேசை வேற குழுவுக்குப் போகுது, ஞாபகம் இருக்கா?”

“போகாது. நீங்களே விட மாட்டீங்க.”

“அவ்வளவு நம்பிக்கையா? எங்கே, என் கண்ணு முன்னாடி லேசரை நிறுத்து பாக்கலாம்.”

“முடியாதே.”

“ஏன், பயமா?”

“நேத்து சாயங்காலமே நிறுத்திட்டேன் சென்செய். யாரும் உள்ள வந்து மேசையை ஆட்டிடக் கூடாதுன்னு விளக்கை மட்டும் எரிய விட்டிருக்கேன்.”

குவபாரா மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். திரையை இன்னொரு முறை பார்த்தார்.

“விளக்கை அணைச்சிடாத,” என்றார். “நாளைக்கும் எரியட்டும்.”