குழாய் வேண்டாம்

"குழாய் போட முடியாதும்மா," என்றார் மைதீன். "இப்படியே இருக்கட்டும்."

"ஏன் முடியாது பாய்? ஈயச் சுரங்கத்துல பழைய குழாய் சும்மாதானே கெடக்கு," என்றாள் நல்லம்மாள். "ஊருக்கு வெளிய இருக்கிற ஈயக்குட்டை வரைக்கும் இழுத்துவிட்டா கழிவுத் தண்ணி தானா ஓடிடும்."

ஜப்பான்காரன் வந்த பிறகு சாலாக் செலாத்தான் ஊரில் பெட்ரோல் கிடையாது. ரப்பர் ஷீட்டைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில்தான் ராணுவ லோரிகள் ஓடின. காய்ச்சும் கொட்டகைக்கு மைதீன்தான் மேஸ்திரி. மிஞ்சும் கறுப்புத் தண்ணீரை ஆட்கள் தகரங்களில் சுமந்துவந்து, குடியிருப்புக்குப் பின்னால் இருந்த ஆழமான பழைய சுரங்கக் குழியில் ஊற்றினார்கள்.

"குழியில ஊத்தினா பூமி குடிச்சிடும்."

"பூமி குடிக்கிறதைத்தான் நாங்க கிணத்துல மொண்டு குடிக்கிறோம். திங்கறது மரவள்ளிக்கிழங்கு. அதுலயும் ரப்பர் நாத்தம். புள்ளைங்க வாந்தி எடுக்குது பாய்."

மைதீன் கொட்டகைக்குள் போய்விட்டார்.

ஜப்பான் ஆபீசரிடமே கேட்டுவிடுவது என்று பெண்கள் முடிவு செய்தார்கள். ஜப்பான் பாஷை தெரிந்தவள் சீதாலெட்சுமி ஒருத்திதான். பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த பாஷை வகுப்புக்குப் போய் வந்தாள்.

"அவளா? அவ பேசினா அவளுக்கே கேக்காதே," என்றாள் ஒருத்தி.

"குழாய்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மீதியை நான் கையைக் காட்டிச் சொல்லிக்கிறேன்," என்றாள் நல்லம்மாள்.

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சீதாலெட்சுமி மைதீனோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்ததை நல்லம்மாள் பார்த்தாள். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆபீசர் வந்தார். பெண்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். சீதாலெட்சுமி குனிந்து வணங்கினாள். குழியைக் காட்டினாள். குழாய்களைக் காட்டினாள். ஆபீசர் ஏதோ கேட்டார். அவள் சொன்ன பதிலில் 'சின்னையா' என்ற பெயர் நல்லம்மாளுக்குத் தெளிவாகக் கேட்டது.

தன் மகன் பெயர். அதற்குமேல் அவள் காதில் எதுவும் விழவில்லை.

மறுநாள் குழியைப் பலகை போட்டு மூடினார்கள். பெண்களுக்குச் சந்தோஷம். மத்தியானம் ஒரு லோரி வந்து குழாய்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் சின்னையாவையும் இன்னும் சில பிள்ளைகளையும் கொட்டகைக்குக் கூப்பிட்டு, கையில் ராணுவ முத்திரை குத்திய துணிப்பட்டை கட்டி, தோளில் தகரம் தொங்கும் தடியை வைத்தார்கள். கறுப்புத் தண்ணீரை இனி ஈயக்குட்டை வரை சுமக்க வேண்டும். ஒரு மைல்.

நல்லம்மாள் கிணற்றடியில் சீதாலெட்சுமியை மறித்தாள்.

"குழாய் கேக்கச் சொன்னா, என் மகனைக் குழாயாக்கிட்டியேடி."

"குழாய் இரும்பு, போருக்கு ஆகும்னு சொன்னேன் அக்கா. தண்ணியைத் தூக்கிட்டுப் போக ஆள் வேணும்னு..."

"உன்னை யாரு அதைச் சொல்லச் சொன்னா? அந்த பாய் சொல்லிக் கொடுத்தாரா?"

சீதாலெட்சுமி வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.

"ஊரான் புள்ளைங்க நாத்தம் சுமக்கணும். உன் தம்பி விஜயன் மட்டும் நெழல்ல உக்காந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டணும். நல்ல படிப்புதான் படிச்சிருக்க."

சீதாலெட்சுமி ஏதோ சொல்ல வந்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு கிணற்றடியில் அவளோடு யாரும் பேசவில்லை. கிணற்றுத் தண்ணீர் மட்டும் மெல்லத் தெளிந்தது.

ஒருநாள் காலை, பாசார் பக்கம் ராணுவ லோரி வந்து நின்றது. சியாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் இழுத்து ஏற்றினார்கள். ஒரு சிப்பாய் சின்னையாவின் சட்டையைப் பிடித்தான். கைப்பட்டையைப் பார்த்தான். ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்தவனிடம் போனான்.

அதைப் பார்த்த நல்லம்மாள் கொட்டகைக்கு ஓடினாள்.

"பாய், இதுக்காகத்தான் குழாய் வேணாம்னீங்களா?"

"குழாய் ஓடினா சுமக்க ஆள் எதுக்கு? ஆள் இல்லேன்னா பட்டை எதுக்கு? இருக்கிற ஆளுங்களையாவது காப்பாத்தலாம்னு நான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். தூரமாச் சுமந்தா இன்னும் ஆள் எடுப்பாங்க, கிணறும் தப்பிக்கும்னு அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு. வெளியில சொன்னா ஜப்பான்காரன் காதுக்குப் போயிடும்ல ஆத்தா."

கொட்டகையைத் தாண்டி லோரி போனது. பின்பக்கம் நெருக்கியடித்து நின்றவர்களில் விஜயனும் இருந்தான். கையில் பஞ்சர் ஒட்டும் ரப்பர்த் துண்டு.

"அவனுக்கு மட்டும் ஏன் பாய் பட்டை இல்ல?"

மைதீன் லோரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க புள்ளைங்க பேரையெல்லாம் சொல்லிட்டு, தம்பி பேரைக் கடைசியாச் சொல்லலாம்னு இருந்துச்சு அந்தப் பொண்ணு. அதுக்குள்ள ஆபீசர் போதும்னு கையைக் காட்டிட்டான்."