மொட்டைமாடிப் பஞ்சாயத்து

மூன்று பேர் படியேறி வரும் சத்தம் கேட்டபோது, சேரன் இடுப்பில் குழந்தையும் பல்லிடுக்கில் ஒரு கிளிப்புமாக மனைவியின் புடவையை உதறிக்கொண்டிருந்தான். காதில் மாட்டிய ஹெட்செட்டில் சென்னை மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் மைக்கை அணைத்தான். நல்ல விஷயத்துக்கு வந்த முகங்களாகத் தெரியவில்லை.

முன்னால் வந்தவர் வீட்டுச் சொந்தக்காரர் பூவராகவன். கீழ்வீட்டில் குடியிருப்பவர், செஞ்சி பஜாரில் பாத்திரக்கடைக்காரர். தெருவில் அவருக்குத் தனி மரியாதை. காலையில் கடையைத் திறந்து வியாபாரம் பார்ப்பது அவர் மனைவி வள்ளியம்மைதான். இவர் கதவைச் சாத்திக்கொண்டு பூஜையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மதியமாகிவிடும். அதுவரை யாரும் கதவைத் தட்டக்கூடாது.

இன்று தட்டியிருக்கிறார்கள். பாதியில் எழுந்து வந்தவர் நெற்றியில் நாமத்தைக்கூடக் காணோம். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுப் பொன்னுசாமியும் பக்கத்து வீட்டுக் கன்னியப்பனும் நின்றார்கள்.

குற்றச்சாட்டைப் பொன்னுசாமிதான் எடுத்துச் சொன்னார். சேரனின் மனைவி கலைவாணிக்கு அனந்தபுரத்தில் வங்கி வேலை. விடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறாள். சேரன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். பார்க்கட்டும். ஆனால் தினமும் ஒரு ஆண்பிள்ளை மொட்டைமாடியில் நின்று, தெருவே பார்க்க, பெண்டாட்டி பாவாடைக்குக் கிளிப் போட்டால் மற்றவர்கள் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

எதிர் மாடிகளிலிருந்து பெண்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். பொன்னுசாமியை இப்போது சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொல்கிறார்களாம். கன்னியப்பன் நிலைமை இன்னும் மோசம். அமாவாசையும் அதுவுமாக, அவர் சட்டைகளை அவர் கண்ணெதிரிலேயே பக்கெட்டில் ஊறவைத்துவிட்டு, "மேல்மாடிப் புள்ளையாண்டானப் பாத்துக் கத்துக்க" என்று சொல்லிவிட்டு மேல்மலையனூர் கோயிலுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாளாம் அவர் மனைவி அம்மாக்கண்ணு.

துவைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்றார் பொன்னுசாமி. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு துவைக்கட்டும், அங்கேயே காயப்போடட்டும். உள்ளே நடப்பது யாருக்குத் தெரியப்போகிறது?

சேரன் குழந்தையை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். பிரசவ லீவு முடிந்த புதிதில் கலைவாணிதான் இருட்டோடு எழுந்து துவைத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, அனந்தபுரத்தைத் தாண்டிப் போய் இறங்கியிருக்கிறாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் அழுத அன்றுதான் அவன் பக்கெட்டைத் தூக்கினான். அதையெல்லாம் இவர்களிடம் சொல்ல மனம் வரவில்லை.

"உள்ள போட்டுப் பாத்தாச்சுண்ணா. ஈரம் காயாம கொழந்தைக்குச் சளி புடிச்சிக்கிது. வெயில் இங்கதான் இருக்குது" என்றான்.

ராஜகிரி மலைப் பக்கமிருந்து வந்த குரங்கு ஒன்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து குழந்தையின் சாக்ஸை ஆராய்ந்துகொண்டிருந்தது. அதைத் துரத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இருவரும் தீர்ப்புக்காகப் பூவராகவனையே பார்த்தார்கள்.

அவர் கொடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். குழந்தைத் துணி, புடவை, துண்டு, பெட்ஷீட். விரல் வைக்க இடமில்லை.

"தம்பி, கொடி பூரா இப்பிடிப் பரப்பி வெக்கிறது நல்லால்ல. நாளையிலேர்ந்து இது நடக்கக் கூடாது. முடியலன்னா வேற வூடு பாத்துக்கோ" என்றார்.

பொன்னுசாமிக்கும் கன்னியப்பனுக்கும் அது போதுமானதாக இருந்தது. பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்று பேசிக்கொண்டே அவருடன் இறங்கிப் போனார்கள்.

சேரன் அப்படியே நின்றான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வெயில் விழும் மாடியோடு இன்னொரு வீடு கிடைப்பது லேசில்லை. விஷயம் தெரிந்தால் கலைவாணி மறுபடி இருட்டில் எழுந்து பாத்ரூமுக்குள் உட்கார்ந்துவிடுவாள். ஹெட்செட்டில் மேனேஜர், லைனில் இருக்கிறாயா என்று கேட்டார். மைக்கைப் போட்டு இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பக்கெட்டில் மிச்சமிருந்த பாவாடையை எடுத்துப் பிழிந்தான். வீட்டை வேண்டுமானால் காலி செய்வது, துணியை உள்ளே கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்து, கொடியில் மற்ற துணிகளை நெருக்கித் தள்ளி அதையும் மாட்டினான்.

மறுபடி படியில் காலடிச் சத்தம். பூவராகவன் தனியாக வந்தார். மாடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கைப்பிடிச் சுவரோரம் போய், மற்ற இருவரும் அவரவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தார்.

சேரன் முந்திக்கொண்டான். மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடுகிறோம், அதுவரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தான்.

அவர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். கிட்டே வந்து, குழந்தைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

"நான் தொவச்சதெல்லாம் பாத்ரூம்லயே நாறிக் கெடக்குது தம்பி, பாதிக் கொடிய எனக்கு வுடு."