எங்க டீச்சர் இன்னும் வரல

ஒன்றாம் ஆண்டு வகுப்பின் வாசலில் என் மகள் ஷாமினி என் இடுப்பு வாரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே இருபது நாற்காலி. பாதி நாற்காலிகளில் அழுகை.

மற்ற பிள்ளைகள் சத்தம் போட்டு அழுதார்கள். இவளிடமிருந்து சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

போன வருடம் ஈப்போவில் ஒரு பாலர் பள்ளியில் சேர்த்திருந்தோம். பதினோரு நாள் போனாள். பன்னிரண்டாம் நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். என்ன என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

என் மனைவிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். எனக்கு லோரி ஓட்டும் வேலை. இன்றைக்கும் இவள் உள்ளே போகாவிட்டால் எங்களில் ஒருவர் வேலையை விட வேண்டியதுதான்.

கோப்பெங் பக்கம் இது சின்னப் பள்ளி. ரப்பர் தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்த பிறகும் பள்ளிக்கு மட்டும் தோட்டத்தின் பெயர்தான். சின்னப் பள்ளி என்றால் பயம் குறையும் என்று நினைத்தோம். வார் என் இடுப்பை அறுத்தது.

அப்போதுதான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன்.

உயரமானவள். இரட்டைச் சடை. மடிப்புக் கலையாத நீலச் சீருடை. ஒவ்வொரு மேசையாகப் போய் மூக்கைத் துடைத்துவிட்டாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தாள். கால் மாற்றிப் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றிச் சரியாக மாட்டினாள். யாரையும் அழாதே என்று சொல்லவில்லை.

நாலாம் ஆண்டோ ஐந்தாம் ஆண்டோ இருக்கும், சட்டாம்பிள்ளையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களிடம் வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. ஷாமினியின் உயரத்துக்குக் குந்திக்கொண்டாள்.

"அந்த ஃபேன் கடகடன்னு ஆடும், ஆனா விழாது. டாய்லெட்டு அந்தக் கடைசியில இருக்கு. கதவு கொஞ்சம் இறுகும்."

கதவு என்றதும் வாரைப் பிடித்திருந்த கைகள் இன்னும் இறுகின. எனக்கே தெரிந்தது. அவளும் பார்த்துவிட்டாள், பேச்சை நிறுத்திக் காத்திருந்தாள்.

ஷாமினி அவள் காதருகே குனிந்தாள். முணுமுணுப்பு எனக்கும் கேட்டது.

"மாட்டிக்கிச்சுன்னா? அன்னிக்கு யாருமே வரல."

ஒரு வருடமாக நானும் என் மனைவியும் கெஞ்சியும் அதட்டியும் கேட்டதற்கு இதுதான் பதில். ஏதோ ஒரு கழிப்பறைக் கதவு. அதற்குப் பின்னால் என் மகள், எவ்வளவு நேரமோ.

"நீ தாப்பா போட வேணாம்," என்றாள் அந்தப் பிள்ளை. "நான் வெளியில நின்னு கதவப் புடிச்சிக்கிறேன். பாடிக்கிட்டே நிக்கிறேன். நான் இருக்கேன்னு உனக்குக் கேக்கும்லா."

வாரிலிருந்து ஒரு கை கழன்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

நடைபாதையின் கோடி வரைக்கும் இருவரும் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டு கேட்டது. ராகம் எங்கேயும் சேரவில்லை. ஆனால் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது ஷாமினியின் சட்டைக்கை ஈரமாக இருந்தது. என்னைத் தாண்டி உள்ளே போனாள். மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலியைத் தானே இழுத்து உட்கார்ந்தாள்.

நான் அந்த உயரமான பிள்ளையிடம் திரும்பினேன்.

"உன் கிளாஸ் ஆரம்பிக்கப் போகுது, போ தாயி. ஏசப் போறாங்க."

"பரவால்ல அங்கிள். எங்க டீச்சர் இன்னும் வரல."

மணி அடித்தது. டீச்சர் வந்து பெற்றோரை எல்லாம் வெளியே அனுப்பினார். சன்னலோரம் ஒதுங்கினோம். கண்டீனில் வேலை செய்யும் அக்கா ஒருவர் ஈரக் கையைத் துடைத்தபடி வேகமாக வந்து என் பக்கத்தில் நின்றார்.

அந்த உயரமான பிள்ளை இன்னும் உள்ளேதான் இருந்தாள்.

டீச்சர் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். சிலர் கையைத் தூக்கினார்கள். சிலர் மேசையில் தலையைக் கவிழ்த்தார்கள். ஷாமினி எழுந்தே நின்றாள்.

பத்தொன்பது பெயர் முடிந்தது. இருபதாவது பெயருக்கு முன்னால் டீச்சர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"துளசி அப்பாவு."

"வந்திருக்கேன் டீச்சர்."

அந்த உயரமான பிள்ளைதான். பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும்.

"எம் மக," என்றார் கண்டீன் அக்கா, நான் கேட்காமலே. "பத்து வயசு. பொறப்புப் பத்திரம் இப்பத்தான் கையில கெடச்சுது. அது இல்லாம பள்ளியில சேக்க முடியாதுன்னுட்டாங்க. மூணு வருசமா எங்கூட மேச தொடச்சிட்டு, இந்தச் சன்னல்லதான் நின்னு பாத்துக்கிட்டிருப்பா. நாலாம் ஆண்டுல போடுறேன்னாரு பெரிய வாத்தியார். இவதான், ஒண்ணுல இருந்துதான் படிப்பேன்னு நின்னுட்டா."

துளசி உட்கார்ந்திருந்த சின்ன மேசைக்கு அடியில் அவள் முழங்கால் நுழையவில்லை. பின்னால் இருப்பவர்களுக்குப் பலகையும் மறைத்தது. கடைசி வரிசையில் அவளுக்கென்று ஒரு பெரிய மேசை போட்டிருந்தார்கள். டீச்சர் அதைக் காட்டினார். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஷாமினியும் தன் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள்.

அதைப் பார்த்து இன்னொருத்தி எழுந்தாள். பிறகு ஒரு பையன். பிறகு இரண்டு பேர் சேர்ந்தாற்போல.

டீச்சர் பதிவேட்டை மூடிவிட்டு வழிவிட்டு நின்றார்.

கடைசி வரிசையில் இடம் போதவில்லை.